புதிர்ப் பேனாவின் பதின்மூன்று மரங்கள்

அவருடைய மேசையில் நான்கு பூட்டுகள் இருந்தன. முதலாவது, உளிகள் கிடந்த இழுப்பறைக்கு. இரண்டாவது, நிப் பெட்டிக்கு. மூன்றாவது, மரக்கட்டைகள் அடுக்கிய கீழறைக்கு. நான்காவது, மற்ற மூன்றின் சாவிகளும் இருந்த தகரப்பெட்டிக்கு. அந்த நான்காவது பூட்டின் சாவி மட்டும் ஒரு கயிற்றில் அவர் இடுப்போடு இருந்தது. தேநீருக்கு எழுந்தாலும் நான்கையும் பூட்டி, ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். பட்டறையில் அவருக்குப் பூட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயதில் குறைந்தவர்கள் பூட்டண்ணன் என்றார்கள். முகத்துக்கு நேராகவே அப்படி அழைத்தார்கள். அதில் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. முகத்துக்கு நேராகவே இப்படி அழைப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பது மட்டுமே அவரை உறுத்தியது.

மரப் பேனா செய்வோர் சங்கத்தில் முப்பத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் பதினான்கு பேருக்குச் சங்கத்தின் பொதுப் பட்டறையில் ஆளுக்கொரு மேசையும் ஒரு கடைசல் லேத்தும் உண்டு. மற்றவர்கள் வீட்டிலேயே வேலை செய்பவர்கள். பட்டறை ஒரு நீண்ட கூடம். சன்னல்களுக்கு எதிர்ச்சுவரில், ஒவ்வொரு மேசைக்கும் நேராக ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். அதில் தொங்குபவை சாட்சிப் பட்டைகள். பேனாவுக்குக் கட்டை அறுக்கும்போதே பக்கவாட்டில், நீளவாக்கில், ஐஸ் குச்சித் தடிமனுக்கு ஒரு பட்டையைச் சீவி எடுத்து, ஓரத்தில் துளையிட்டு, தேதியையும் தம் அடையாளத்தையும் பென்சிலால் குறித்துக் கம்பியில் கோத்துவிடுவார்கள். என்றைக்காவது அந்தப் பேனா விரிசல் விட்டுத் திரும்பி வந்தால், அதே மரத்தின் அதே வரியோட்டத்தில் ஒட்டுப்போட ஒரு துண்டு கையிருப்பில் இருக்கும். பட்டை மாட்டாமல் எந்தப் பேனாவும் வெளியே போகக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. பூட்டின் அடையாளம் சாவித்துளை: ஒரு சிறு வட்டம், கீழே ஒரு கோடு.

பேனாவுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். அங்கே அவர் யோசித்து வரைந்த ஒரு கால் வடிவம் அடுத்த வாரமே பக்கத்துத் தொழிற்சாலைக் கட்டிலில் நின்றது. யார் கொடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அன்று தொடங்கிய சந்தேகம் பிறகு குறிப்பிட்ட ஆள்மீது நிற்காமல் பொதுவாகப் பரவிவிட்டது. பட்டறையின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் அவரைப் பற்றிய முதல் பதிவே இதற்குச் சான்று: "மூன்று நாள்களாகக் காணாமற்போனதாகச் சொல்லப்பட்ட அரைவட்ட உளி, அவருடைய முன்துணியின் உள்பையிலேயே இருந்தது. அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதை அங்கே வைத்தது யார் என்று கேட்டார்."

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதைதான். பையன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதே பட்டறையில் எதிர் மேசைக்காரரின் மகன். பையனின் அப்பாவைப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகவே பூட்டு மேலும் ஐந்து மாதம் விசாரித்தார். பையன் போகிற கட்டடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், அவன் சரிசெய்த லிஃப்டுகளில் ஏறி இறங்கிப் பார்த்தார். எதுவும் நடுவில் நிற்கவில்லை. திருமணம் நடந்தது. எதிர் மேசைக்காரர் சம்பந்தி ஆனார்.

சம்பந்தியைப் பட்டறை மெழுகு என்று அழைத்தது. தம் பேனாக்களுக்கு வேறு பூச்சு எதையும் தொடாமல் தேன்மெழுகை மட்டுமே தேய்ப்பவர் என்பது ஒரு காரணம். எவ்வளவு உரசினாலும் சூடாகாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவார் என்பது மற்றொன்று. பூட்டுக்கு நேர் எதிர். அவருடைய இழுப்பறைக்குக் கைப்பிடியே கிடையாது. அது எப்போதும் திறந்தே இருந்ததால் யாரும் மாட்டவில்லை.

பூட்டின் வாழ்க்கையில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்ட பொறுப்பு ஒன்றே ஒன்று: புதிர்ப் போட்டி.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக, பல மரத்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கடைந்த ஒரு பேனா தலைவியின் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒருமுறை, மூன்று நிமிடம், அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். முகரலாம், நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்கலாம். சுரண்டக் கூடாது, ஈரப்படுத்தக் கூடாது. மூடியின் உச்சியிலிருந்து நிப் வரை எத்தனை துண்டுகள், ஒவ்வொன்றும் என்ன மரம் என்று வரிசையாக எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் கண்ணாடிபோல ஏற்றிய பூச்சு வாசனையை அடைத்துவிடும், நிறத்தை மாற்றிவிடும். முற்றிய பலா தேக்கைப் போல நடிக்கும். எலுமிச்சைக்கும் புங்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் முப்பது வருட அனுபவசாலிகள் தலையைச் சொறிவார்கள். வென்றவருக்கு அந்தப் பேனாவே பரிசு. அடுத்த ஆண்டுப் புதிரைச் செய்யும் உரிமையும் அவருக்கே. முதலாண்டில் சீட்டுக் குலுக்கியதில் அந்த வேலை பூட்டுக்கு விழுந்தது. அன்றிலிருந்து பதினோராண்டுகள் யாரும் வெல்லவில்லை. ஆகவே பதினோராண்டுகளும் புதிர் அவருடையதாகவே இருந்தது.

பன்னிரண்டாம் ஆண்டுப் பேனாவில் பதின்மூன்று துண்டுகள். அதைச் செய்வதற்கு அவர் மேற்கொண்ட முன்னெச்சரிக்கைகளை அவருடைய குறிப்பேட்டிலிருந்தே வரிசைப்படுத்த முடிகிறது. பட்டறைக்கு விடுமுறையான ஒரு பகலில் தனியாக வந்தார். உள்தாழ்ப்பாள் போட்டு, சன்னல்களில் பழைய செய்தித்தாள் ஒட்டினார். மரங்களை ஆறு வெவ்வேறு இடங்களிலிருந்து, ஆறு வெவ்வேறு பொய்களைச் சொல்லி வாங்கியிருந்தார். கடைந்து முடித்ததும் சீவல்களையும் மரத்தூளையும் ஒரு பொட்டுகூட விடாமல் கூட்டிச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தார். உப்புத்தாள் துணுக்குகளையும் எரித்தார். விடையை எழுதியபோது அடியில் கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டார். அடுத்த தாளில் எழுத்தின் பள்ளம் பதியக் கூடாதல்லவா. உறையின் ஒட்டுமேல் மூன்று கையெழுத்து போட்டுத் தலைவியிடம் கொடுத்து, அவர் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டும்வரை நின்று பார்த்தார்.

"நம்பிக்கை இல்லன்னா சாவியையும் நீங்களே வெச்சுக்கங்க" என்றார் தலைவி. கடைசலில் அவருக்கு மூத்தவர், எல்லோருக்கும் அக்கா.

"சாவியும் உறையும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதுக்கா. அது உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

ஒன்பதாவது துண்டுதான் அவருடைய தந்திரம். அது கொய்யா. பேனாவுக்கு யாரும் எடுக்காத மரம் என்பதால் யாருக்கும் தோன்றாது. அந்தக் கொம்பை இரண்டு ஆண்டுகளுக்கு முன், மகளைப் பார்க்கப் போன வீட்டில், சம்பந்தியின் கொல்லையில் வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து குடைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தார். கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் எதற்கு என்று ஒரு கேள்வி வந்திருக்கும்.

பொதுக்கூட்டத்தில் தலைவி உறையைப் பிரித்தார். வழக்கம்போல் ஒவ்வொருவருடைய விடையும் ஐந்திலோ ஆறிலோ கவிழ்ந்தது. கடைசித் தாள் மெழுகினுடையது.

"ஒண்ணு, கருங்காலி. சரி. ரெண்டு, எலுமிச்சை. சரி." தலைவி வாசித்துக்கொண்டே போனார். எட்டைத் தாண்டியதும் அவருடைய குரல் மெதுவானது. "ஒன்பது... கொய்யா."

கூடத்தில் யாரோ சிரித்தார். "கொய்யாவா? அப்ப பத்தாவது வாழைப்பழமா?"

"சரி" என்றார் தலைவி.

சிரிப்பு நின்றது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. எல்லாம் சரி. கைதட்டல் தொடங்கும் முன்பே பூட்டு எழுந்துவிட்டார்.

"யார் சொன்னாங்க?"

மெழுகு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கண்ணைக்கூடச் சிமிட்டினார். "மரம் சொல்லிச்சு, சம்பந்தி."

"விளையாடாதீங்க. யார் சொன்னாங்கன்னு கேக்கறேன்."

மெழுகின் சிரிப்பு பாதியில் நின்றது. சம்பந்தியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் சொல்லல" என்பதற்குமேல் அன்று அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பும் அது நின்ற விதமும் பூட்டுக்குப் போதுமான சான்றாகத் தெரிந்தன. மறுநாளே எழுத்துமூலம் ஒரு தீர்மானத்தைக் கொடுத்தார்: புதிரின் விடையை முறைகேடாக அறிந்த உறுப்பினரைப் பட்டறையிலிருந்து நீக்கி, அவருடைய மேசையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு வாரத்தில் சிறப்புக் கூட்டம். வந்தவர்களில் பாதிக்குமேல் கை தூக்கினால் போதும். மெழுகுக்கு வீட்டில் லேத் கிடையாது. அந்த மேசை போனால், அதோடு அவர் பேனா செய்வதும் போகும்.

இடைப்பட்ட நாள்களில் பூட்டு விசாரணை நடத்தினார். உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், நீராவியில் காட்டிய சுருக்கம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தார். இல்லை. அலமாரியின் பூட்டில் கீறல் தேடினார். இல்லை. குறிப்பேட்டில் சந்தேகத்துக்குரியோர் பட்டியலில் ஐந்து பேர்: தலைவி, காவலாளி, மனைவி, மகள், மருமகன். ஆறாவதாக எண் மட்டும் போட்டு, எதிரே வெறுமையாக விட்டிருந்தார்.

மனைவியைச் சமையலறையிலேயே விசாரித்தார்.

"பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

"எதப் பத்தி?"

"பரண்மேல ஒரு கொம்பு காஞ்சுக்கிட்டு இருந்துச்சே."

"பரண்மேல கொம்பா?" அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தப் பரணையும் நீங்க பூட்டித்தானே வெச்சிருந்தீங்க. ரெண்டு வருஷமா என் பெரிய அண்டாவ எடுக்க முடியாம பக்கத்து வீட்டுல இரவல் வாங்கறேன். கொம்புக்காகவா?"

"அப்ப உனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுடுச்சு. என் பேரையும் எழுதிக்கங்க."

"ஏற்கெனவே எழுதியாச்சு."

மகள் தானாகவே தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, மாமாவ பட்டறைய விட்டு அனுப்பப் போறீங்களாமே."

"தப்புப் பண்ணலன்னா எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்லட்டும். ஏன் வாயத் திறக்க மாட்டேங்கறார்?"

"எங்ககிட்டயும் சொல்லல. கேட்டா, விடும்மா, பெஞ்ச் போனா போகட்டும்கறார். காலையில எழுந்து பட்டறைக்குப் போறதத் தவிர அவருக்கு வேற என்னப்பா தெரியும்?"

"அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"சரி. நாளைக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னே வெச்சுக்குவோம். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருக்கறது? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டுக்கு வர்றது? இதுவும் புதிர்தான். நீங்களே விடைய எழுதி உறையில போட்டு ஒட்டி வைங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் பூட்டு பாதியில் எழுந்துவிட்டதாக அவர் மனைவி சொல்கிறார். ஆனால் தீர்மானத்தைத் திரும்பப் பெறவில்லை. மகள் அவ்வளவு அழுத்தமாகப் பேசியதே சந்தேகத்துக்கு இடமானது என்று மறுநாள் குறித்திருக்கிறார்.

சிறப்புக் கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். நாற்காலிகள் போதாமல் பலர் மேசைகளின்மேலேயே உட்கார்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மெழுகைப் பிடிக்கும். ஆனால் பதின்மூன்றும் சரியாக வந்ததற்கு அவர்களிடமும் விளக்கம் இல்லை. விளக்கக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்க மறுத்தார். தலைவி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றார் மெழுகு. நான்காம் வரிசையில் ஒருவர், "ஒண்ணும் இல்லாதவன் இப்படியா உட்காந்திருப்பான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பூட்டு பேச எழுந்தார். புதிர்ப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இதப் பாருங்க. பதினோரு வருஷம் உங்கள்ல யாராலயும் முடியல. கண்ணு தெரியாதவங்களா நீங்க? கை வராதவங்களா? இந்தப் பூச்சுக்கு மேல நின்னு உள்ள கொய்யான்னு ஒருத்தன் சொல்லணும்னா, ஒண்ணு அவன் கடவுளா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும். எங்க சம்பந்தி கடவுள் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்!"

கடைசிச் சொல்லோடு பேனாவை மேசைமேல் ஓங்கி அடித்தார். சிறிய சத்தம்தான். ஒரு சில்லு தெறித்துத் தரையில் உருண்டது. ஒன்பதாம் துண்டில் விரல்நகம் அளவு பெயர்ந்து, உள்ளே இருந்த பித்தளைக் குழாய் மின்னியது.

கூடத்தில் இருந்த இருபத்தாறு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். அந்த நொடியில் அங்கே கட்சி எதுவும் இல்லை. ஒரு பேனா உடைந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஐயையோ, பரவால்ல, ஒட்டிடலாம்" என்றார் தலைவி, பழக்கத்தில். "பட்டைய எடுங்க."

பூட்டு எடுக்கப் போனார். தம் கம்பியை நோக்கி நேராக நடந்தார். ஒன்றையும் தேடவில்லை, விரல்கள் முன்னாலிருந்து நான்கு பட்டைகளைத் தள்ளி, ஐந்தாவதைக் கழற்றின. திரும்பி வந்து வெளிச்சத்தில் பிடித்து, பெயர்ந்த இடத்தோடு வரியோட்டத்தைப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. "உளி குடுங்க" என்று கையை நீட்டினார்.

யாரும் கொடுக்கவில்லை.

அவர் கையில் இருந்தது ஒரு சாண் நீளப் பட்டை. பூச்சு ஏறாத வெறும் மரம். கருங்காலியின் கருப்பு, எலுமிச்சையின் மஞ்சள், தேக்கு, பலா என்று பதின்மூன்று நிறங்கள் வரிசையாக, ஒரு மாணவன்கூடப் படிக்கும்படி. ஒன்பதாவதில் கொய்யாவின் இளஞ்சிவப்பு. ஓரத்தில் தேதி: பட்டறைக்கு விடுமுறையாக இருந்த அந்த நாள். தேதியின் பக்கத்தில் ஒரு சிறு வட்டம், கீழே ஒரு கோடு.

கூடம் முழுவதற்கும் புரிந்த பிறகே அவருக்குப் புரிந்தது. சன்னலில் செய்தித்தாள் ஒட்டிய அன்று, தூளைக் கூட்டி அள்ளிய அன்று, அதே கையால் பட்டையைச் சீவி, துளையிட்டு, தேதி போட்டு, கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாட்டியது நினைவிலேயே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டது யாருக்கு நினைவிருக்கும்?

அவர் முதலில் செய்தது, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்தச் சாவித்துளையைப் பார்த்ததுதான்.

"யாரு எழுத்து?" என்றார் தலைவி.

"என்னுது மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

பூட்டு இன்னொரு முறை பார்த்தார். "என்னுதுதான்."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவுவதற்குள் மெழுகு எழுந்தார்.

"சிரிக்காதீங்க. இதுக்காகத்தான் நான் சொல்லல." முதல்முறையாக அவர் குரல் சூடாக இருந்தது. "காய்ச்சல்னு இவர் ரெண்டு நாள் வரல இல்ல, அப்ப இவர் பண்ண பழைய பேனா ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சு. பட்டை எடுக்கலாம்னு இவர் கம்பியில தேடினேன். இது தொங்குச்சு. என் கொல்லையில வளந்த மரம் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார் பூட்டு.

"வேணும்னுதான் மாட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன், சம்பந்தி. பதினோரு வருஷமா எவனும் கண்டுபிடிக்கல, இந்த வருஷம் விடையக் கண்ணு முன்னாடியே தொங்க விட்டுட்டு வேடிக்கை பாக்கறார்னு. மனுஷன் இப்படிக்கூட விளையாடுவாரான்னு எனக்கு ஒரே சந்தோஷம். அன்னைக்கு நீங்க எழுந்து கத்தினப்பதான் விளையாட்டு இல்லன்னு தெரிஞ்சுது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"நாலு பூட்டுப் போடறவர் விடையச் சுவத்துல மாட்டி வெச்சாருன்னு நான் எல்லார் முன்னாடியும் சொல்லவா? மறுநாள் நீங்க இந்த வாசல் ஏறுவீங்களா? சம்பந்தி, எனக்கு பெஞ்ச் போனா வீட்டுல உட்காந்து பேப்பர் படிப்பேன். நீங்க வீட்டுல உட்காந்தா, பாவம், சம்பந்தியம்மா என்ன பண்ணுவாங்க?"

இந்தமுறை எழுந்த சிரிப்பை யாரும் அடக்கவில்லை. பூட்டு சிரிக்கவில்லை. பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைவியிடம், தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டிய தலைவி, போட்டியாளர் சுவரைப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று அறிவித்தார். பரிசு மெழுகுக்கே உறுதியானது. அடுத்த ஆண்டுப் புதிரும் அவருக்கே. பூட்டு மன்னிப்புக் கேட்டதாகப் பதிவேட்டில் இல்லை. அந்தப் பட்டையை வேறு யாரும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டதாக இருக்கிறது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அவர் தம் மேசையில் உட்கார்ந்து, பட்டையிலிருந்து ஒரு சில்லை அறுத்து, பெயர்ந்த இடத்தில் பொருத்தி ஒட்டினார். பூச்சை முழுவதும் நீக்கிவிட்டு, எதிர் மேசையின் திறந்த இழுப்பறையிலிருந்து தேன்மெழுகை எடுத்துத் தேய்த்தார். கேட்காமல் எடுத்தார். ஒட்டு எங்கே என்று இன்றுவரை கண்ணால் கண்டுபிடிக்க முடியாத அந்தப் பேனாவை அன்று மாலை மகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் கதவைத் திறந்து, "விடை எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் பேனாவை நீட்டினார்.

இத்துடன் அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. நான்கு பூட்டுகளும் அப்படியே இருந்தன. ஒரு புதிய வழக்கம் கூடுதலாகச் சேர்ந்தது: தினமும் காலையில் வந்ததும் தம் கம்பியில் தொங்கும் பட்டைகளை எண்ணுவார். தம் கையே தம்மை ஏமாற்றக்கூடும் என்று தெரிந்தபின், பட்டியலில் வெறுமையாக விட்ட ஆறாம் எண்ணுக்கு எதிரே அவர் தம்மையே எழுதிக்கொண்டதாகக் கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு மெழுகின் புதிர்ப் பேனா கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. ஒன்பது துண்டுகள். பூட்டு முதல்முறையாகப் போட்டியாளர். பேனா வைக்கப்பட்ட மறுநாள் காலை கம்பியை எண்ணினார். ஒன்று அதிகமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு புதிய பட்டை. ஒன்பது அடுக்குகள். ஓரத்தில் மெழுகின் அடையாளமான ஒரு சொட்டு.

பூட்டு அன்று முழுவதும் லேத்தைத் தொடவில்லை. பட்டையில் இரண்டாவது மா, ஐந்தாவது தென்னை, எட்டாவது மறுபடியும் கொய்யா. கையில் பேனாவைப் பிடித்த மூன்று நிமிடத்தில் அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் அவரை உறுத்தியது. தெரியாமல் மாட்டியதென்றால் மெழுகு தம் கம்பியிலல்லவா மாட்டியிருக்க வேண்டும்? இந்தக் கம்பியை யார் தினமும் எண்ணுகிறார் என்று தெரிந்தே மாட்டியது. அப்படியானால் இது பொறி. மாலையில் மகளிடம் தொலைபேசியில் சொன்னார்.

"உங்களுக்காகத்தான்ப்பா மாட்டியிருப்பார்" என்றாள் மகள். "போன வருஷத்துக்கு ஈடா. எழுதிக் குடுங்க, ஜெயிச்சுக்கங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? உங்கிட்டச் சொன்னாரா?"

மகள் தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

பூட்டு விடையை எழுதினார். இரண்டு, ஐந்து, எட்டு ஆகிய மூன்றுக்கு மட்டும், பட்டை சொன்னதை விட்டுவிட்டு வேறு மரங்களை.

பொதுக்கூட்டத்தில் உறை பிரிக்கப்பட்டது. மா. தென்னை. கொய்யா. அந்த ஆண்டு யாரும் வெல்லவில்லை. பூட்டுக்கு ஒன்பதில் ஆறு.

தேநீர் இடைவேளையில் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள்.

"அப்ப அது நிஜப் பட்டைதானா?"

"நிஜம்தான்."

"எனக்குன்னே மாட்டினீங்களா?"

"உங்க கம்பிய உங்களத் தவிர வேற யார் பாக்கறாங்க?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி."

"சொல்லியிருந்தா மூணு தப்பாவா எழுதியிருப்பீங்க? ஒன்பதும் தப்பா எழுதியிருப்பீங்க."

பூட்டு கோப்பையை வாயருகே கொண்டுபோனவர், குடிக்க முடியாமல் சிரித்தார். தோள் குலுங்கத் தேநீர் சட்டையில் சிந்தியது. மெழுகு ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். பூட்டு துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இடுப்புச் சாவியால் தகரப்பெட்டியைத் திறந்து, மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கம்பியை எண்ணினார்.

"சம்பந்தி, ஒண்ணு கொறையுது."

"என்னுதுதான். காலையில நான் எடுத்துக்கிட்டேன்" என்றார் மெழுகு எதிர் மேசையிலிருந்து.

பூட்டு மறுபடியும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார்.

"கேட்டுட்டு எடுத்திருக்கலாம்" என்றார்.